நாவுக்கும் வரம்புண்டு

ஆப்கானிஸ்தான் போரைப் பின்னணியாகக் கொண்ட ‘விஸ்வரூபம்’ திரைப்படத்துக்கு 2013 ஜனவரியில் தமிழக அரசு தடை விதித்தது. முஸ்லிம் அமைப்புகளுடன் நடந்த பேச்சுவார்த்தையில் சில இடங்களைத் திருத்த இணக்கம் ஏற்பட்டு, பிப்ரவரி 7 அன்று படம் இங்கே வெளியானது. மனக்குறையை முறையாக எடுத்துரைப்பது நம் உரிமை. அரசியல் சாசனத்தின் 19ஆம் பிரிவு பேச்சுரிமையையும் தருகிறது. பொது ஒழுங்கு கருதி அதற்கு வரம்பையும் வைக்கிறது.

அந்த அளவுகோல் நமக்கும் உண்டல்லவா? போர்ச் செய்திகள் வரும் நாள்களில் பிற சமயத்தாரின் தெய்வங்களைப் பழிக்கும் படங்கள் கைப்பேசிகளில் பரவுகின்றன. அவர்கள் வணங்குபவற்றை ஏசினால், அவர்கள் அறியாமையால் அல்லாஹ்வை ஏசக்கூடும் என்று அல்அன்ஆம் அத்தியாயத்தின் 108ஆம் வசனம் நம்மைத் தடுக்கிறது. கொள்கையை மறுப்பது வேறு, இழிவுபடுத்துவது வேறு. படையை அனுப்பும்போதே, மடங்களில் ஒதுங்கி வாழும் துறவிகளைத் தீண்டலாகாது என அபூபக்கர் (ரலி) அவர்கள் கட்டளையிட்டார்கள். வாளேந்தியவருக்கே வரம்பென்றால், கைப்பேசி ஏந்திய நமக்கு?

நரசிம்மர் கோயிலால் பெயர்பெற்ற சிங்கப்பெருமாள் கோவில் ஊரில் வாழ்கிறோம். அண்டை வீட்டாரின் நம்பிக்கையை இகழ்ந்துவிட்டு, நம் நபி (ஸல்) அவர்களைக் கண்ணியப்படுத்துங்கள் என எந்த முகத்தோடு கேட்பது? புண்பட்டால் சட்டத்தை நாடுங்கள். ஏச்சு வந்தால் பிறருக்கு அனுப்பாமல் அழித்துவிடுங்கள், பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள்.

வல்ல ரஹ்மான் நம் நாவுகளைப் பாதுகாப்பானாக! ஆமீன்.