வெள்ளம் வடிந்த பின் வேலைக்குத் திரும்புகிறவர்கள்

2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை, போயா தினமும்கூட. மறுநாள் திங்கட்கிழமை மட்டக்களப்பு மாவட்டத்தில் கிராம உத்தியோகத்தர்களும் தாதியரும் ஆசிரியர்களும் கடமையில் நின்றார்கள். சடலங்களைப் பதிந்தவர்களிலும் முகாம்களில் சாப்பாடு பங்கிட்டவர்களிலும் தம் வீட்டையும் உறவுகளையும் பறிகொடுத்தவர்கள் இருந்தார்கள். உதவி செய்கிறவரும் பாதிக்கப்பட்டவர்தான் என்பது அன்றைய அவசரத்தில் பெரிதாகப் பேசப்படவில்லை.

இப்போதும் அது குறைவாகவே பேசப்படுகிறது. கிழக்கே கடல், மேற்கே வாவி என இடையில் கிடக்கும் செட்டிபாளையம் போன்ற ஊர்களுக்கு 1978 நவம்பர் சூறாவளி, சுனாமி, 2011 ஜனவரி வெள்ளம், 2025 நவம்பரில் டித்வா புயல் என்று நீண்ட கணக்கு இருக்கிறது. நடுவே யுத்தமும் இடப்பெயர்வும். உலருணவுப் பொதியோடு நிவாரணக் கதை முடிந்துவிடும். முதலாளியின் தொலைபேசி அழைப்பு அதற்குப் பிறகுதான் வரும்: "நாளைக்கு வருவீங்களா?"

அந்த அழைப்பு வரும்போது வீட்டுக்குள் சேறு இருக்கும். கிணறு இறைத்திருக்காது. பிள்ளைகளின் பாடசாலை முகாமாக மாறியிருக்கும், அவர்களைப் பார்த்துக்கொள்ள ஆளிராது.

சட்டத்தில் இதற்கு இடம் இருக்கிறதா? 1954 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க கடை, அலுவலக ஊழியர் சட்டத்தின்படி, முதலாண்டைக் கடந்த ஊழியருக்கு வருடத்துக்கு 14 நாள் வருடாந்த விடுமுறையும் 7 நாள் அமய விடுமுறையும் உண்டு. அனர்த்த விடுமுறை என்று அதில் தனியாக ஒன்றில்லை. இதில் ஒரு சிக்கலும் உண்டு. நமது மாவட்டத்தில் மழையும் புயலும் பெரும்பாலும் ஆண்டின் கடைசியில்தான் வருகின்றன. அந்நேரம் பலருடைய விடுமுறை காய்ச்சலிலும் கோயில் திருவிழாவிலும் கரைந்து போயிருக்கும். மிச்சமிருப்பது சம்பளமற்ற விடுமுறைதான். அரிசி ஆலையிலும் மேசன் வேலையிலும் நாட்கூலிக்கு நிற்பவருக்கு அந்தப் பேச்சே இல்லை. வராத நாளுக்குக் காசில்லை, அவ்வளவுதான்.

ஆகவே முதல் உதவி பணம். கடைக்காரர் ஒருவர் அந்த மாதச் சம்பளத்தை நாள் குறைக்காமல் கொடுப்பதும், முற்பணம் தந்து அதை அடுத்த மாதமே மொத்தமாகக் கழிக்காமல் ஆறேழு மாதங்களில் சிறுகச் சிறுகக் கழிப்பதும் ஆற்றுப்படுத்தல் கருத்தரங்கை விடப் பயன் தரும் என்பது என் எண்ணம். நுண்கடன்காரர் வாசலுக்கு வந்து நிற்பதும் இதே வாரங்களில்தான்.

இரண்டாவது, கடிதம். வெள்ளத்தில் அடையாள அட்டையும் வங்கிப் புத்தகமும் போய்விட்டால், இன்னார் எங்களிடம் வேலை செய்கிறார் என்று நிறுவனம் எழுதித் தரும் ஒரு தாள் பல கதவுகளைத் திறக்கும். அடையாள அட்டை இல்லாமல் சோதனைச் சாவடியைக் கடக்க முடியாத காலத்தில் வாழ்ந்த நமக்கு ஒரு தாளின் பெறுமதி தெரியும்.

மனதைப் பற்றியும் சொல்ல வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2011 இல் வெளியிட்ட உளவியல் முதலுதவி வழிகாட்டி, நடந்ததைச் சொல்லும்படி யாரையும் வற்புறுத்தக் கூடாது என்கிறது. வேலைக்கு வந்த முதல் நாளே "எப்படி நடந்தது?" என்று எல்லோரும் சுற்றி நின்று கேட்பது அன்பால்தான், ஆனாலும் அது பாரம். ஷெல்லுக்குப் பயந்து ஓடிய ஒருவருக்கு இரவு மழைச் சத்தம் வேறு எதையோ கொண்டுவரலாம். கணக்கில் பிழை விடுகிறார், சிடுசிடுக்கிறார் என்றால், கண்டிப்பதற்கு முன் நித்திரை கொள்கிறாரா என்று தனியே கேளுங்கள். சில வாரங்கள் கழித்தும் மாறாவிட்டால் ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்கு வழிகாட்டலாம்.

சர்வதேச தொழில் அமைப்பின் 2017 ஆம் ஆண்டு 205 ஆம் இலக்கப் பரிந்துரை யுத்தத்தையும் இயற்கை அனர்த்தத்தையும் ஒன்றாக வைத்து, மீட்சியில் வேலைக்குள்ள இடத்தைப் பேசுகிறது. இரண்டையும் கண்ட மாவட்டத்துக்கு அது பொருத்தமானதே. ஆனால் அது பரிந்துரை, கட்டாயமல்ல.

கடைசியாக, பாதை. எழுவான்கரையிலிருந்து படுவான்கரைக்குக் கற்பிக்கப் போகும் ஆசிரியர்கள் பலர். 2014 இல் மண்முனைப் பாலம் திறக்கப்பட்டது பெரிய ஆறுதல் என்றாலும், வாவி பெருகி உள்வீதிகள் மூழ்கினால் பள்ளிக்கூடம் எட்டாது. அப்படியான வாரங்களில் கையொப்பப் புத்தகத்தில் சிவப்புக் கோடு போடும் நேரத்தைத் தள்ளிவைப்பதற்குப் பணம் எதுவும் செலவாகாது.