கரி நெருப்பும் மாவுப் போர்வையும்

பன்றியின் முதுகெலும்பை ஒட்டி ஓடும் நீண்ட தசையை எலும்போடு சேர்த்துக் குறுக்காக வெட்டியெடுக்கும் துண்டைத்தான், ஆட்டுக்கறி வாங்கிப் பழகிய நம்மவர்கள் 'சாப்ஸ்' என்று கேட்டு வாங்குகிறார்கள். பார்வைக்கு லட்சணமாகவும் விலையில் சற்று உயர்வாகவும் இருக்கும் இந்தப் பாகம், அடுப்பில் ஏறி இறங்கியபின் பெரும்பாலும் ஏமாற்றத்தையே அளிக்கிறது என்பது வாங்கிச் சமைத்தவர்களுக்குத் தெரியும். இதற்குக் காரணம் சமைப்பவரின் கைக்குற்றம் அன்று; அந்தத் தசையின் சுபாவமே அப்படி. அதிகம் உழைக்காத தசையாதலால், நெடுநேரம் வெந்து இளகி மாமிசத்துக்கு வழவழப்பைக் கொடுக்கும் சவ்வு அதில் சொற்பம். ஊடே ஓடும் கொழுப்பும் சொற்பம். சூடு 60 டிகிரியைத் தாண்டியதும் புரத இழைகள் சுருங்கி, தம்முள் அடக்கி வைத்திருந்த நீரைப் பிழிந்து வெளியேற்ற ஆரம்பிக்கின்றன. வயிற்றுப் பாகத்துக் கறியைப் போல இதையும் குழம்பிலிட்டு ஒரு மணி நேரம் கொதிக்க விட்டால், மெல்ல மெல்ல வாயில் சக்கைதான் மிஞ்சும்.

இந்த ஒரே சங்கடத்துக்கு வியட்நாமியர் ஒரு விதமாகவும் சீனர் மற்றொரு விதமாகவும் பரிகாரம் கண்டிருக்கிறார்கள். முன்னவர், உப்பும் சர்க்கரையும் ஊறிய மெல்லிய துண்டைக் கடும் நெருப்பில் சொற்ப நேரமே காட்டி, உள்ளே ஈரம் வற்றுமுன் மேலே நிறம் ஏற்றிவிடுகிறார்கள். பின்னவர், மாவினால் ஒரு போர்வை போர்த்தி எண்ணெயில் இறக்கி, வெளியேறத் துடிக்கும் நீரை அந்தப் போர்வைக்குள்ளேயே தடுத்து நிறுத்துகிறார்கள். இந்தச் சூட்சுமத்தை அறிந்துகொண்டவருக்கு, பின்னால் வரும் அளவுகள் வெறும் வழித்துணையே.

சைகோன் நகரிலிருந்து ஆரம்பிப்போம். 1976-இல் ஹோ சி மின் நகரம் என்று அரசாங்கம் பெயர் மாற்றிய பிறகும் ஊரார் வாயில் சைகோனாகவே வழங்கிவரும் அந்த நகரம், ஒரு காலத்தில் நாட்டுக்கோட்டை நகரத்தார் லேவாதேவி நடத்திய ஊர். இன்றும் அங்கே ஒரு மாரியம்மன் கோயில் உண்டு. அந்நகரத்தின் நடைபாதைகளில், கரி அடுப்பின் மேல் கம்பி வலையைப் பரப்பி, ஒரு கையால் விசிறிக்கொண்டே மறு கையால் கறியைப் புரட்டும் கடைக்காரர்களின் புகைதான் அவர்களுக்கு விளம்பரப் பலகை. அந்தக் கறியைச் சோற்றின்மேல் வைத்துக் கொடுக்கும் ஆகாரத்துக்குக் 'கோம் தாம்' என்று பெயர். சோறு என்றால் முழு அரிசிச் சோறு அன்று. நெல்லைக் காயவைக்கும்போதும் ஆலையில் அரைக்கும்போதும் உடைந்துபோகும் குருணைச் சோறு. மேகாங் நதியின் கழிமுகத்து உழவர்கள், நல்ல அரிசியைச் சந்தைக்கு அனுப்பிவிட்டு, விலைபோகாத இந்த நொய்யைத் தமக்கென வைத்துக்கொண்டார்கள். ஏழைகளின் அந்த உணவு நகரத்துத் தொழிலாளிகளின் காலை ஆகாரமாகி, பிறகு தனவந்தர்களும் தேடி வந்து உண்ணும் பதார்த்தமாகிவிட்டது. நாம் குருணையைக் கஞ்சிக்கும் உப்புமாவுக்கும் மட்டும் ஒதுக்கி வைத்திருப்பது ஒரு நஷ்டமே. நீரைச் சற்றுக் குறைத்து உதிரியாக வேகவைத்தால், கறியின் சாற்றையும் மேலே ஊற்றும் சாரத்தையும் உறிஞ்சிக்கொள்வதில் முழு அரிசி அதற்கு ஈடாகாது.

கறியை ஊறவைக்கும் கலவையில் பிரதானமானது மீன் சாஸ். நெத்திலி மீனையும் கடல் உப்பையும் ஏறக்குறைய மூன்றுக்கு ஒன்று என்ற கணக்கில் பெரிய மரத்தொட்டிகளில் அடைத்து, சுமார் ஓராண்டுக் காலம் அப்படியே விட்டுவிட்டால், மீனின் புரதம் தானே சிதைந்து, செம்பழுப்பு நிறமான தெளிந்த திரவமாக அடியில் இறங்குகிறது. ஃபூ குவொக் தீவில் தயாராவது இதில் கீர்த்தி பெற்றது. அந்தப் பெயரைப் பிற ஊர்ச் சரக்குகள் சூட்டிக்கொள்ளாதபடி ஐரோப்பிய ஒன்றியம் 2012-இல் அதற்குப் பாதுகாப்பும் அளித்தது. புட்டியைத் திறந்ததும் எழும் வாடையைக் கண்டு முகம் சுளிக்கிறவர்கள் உண்டு. கருவாட்டுக் குழம்பை ருசித்து வளர்ந்த நமக்கு அந்த உரிமை இல்லை என்றே நினைக்கிறேன். நெருப்பு பட்டதும் அந்த வாடை அடங்கி, கறியின் சொந்தச் சுவையை ஆழப்படுத்தும் ஓர் உவர்ப்பு மட்டுமே எஞ்சுகிறது. இதற்குப் பதிலாகச் சோயா சாஸை ஊற்றிக்கொண்டு, இரண்டு எலுமிச்சைப்புல்லையும் நறுக்கிப் போட்டுவிட்டு, வியட்நாமியச் சமையல் என்று பரிமாறுவதைச் சில உணவு விடுதிகளில் காண்கிறோம். உண்ணத் தகாதது என்று அதைச் சொல்ல மாட்டேன், ஆனால் அதற்கு வேறு பெயர் வைப்பது நியாயமாக இருக்கும்.

ஒரு சென்டிமீட்டர் கனமுள்ள நான்கு துண்டுகளுக்கு மூன்று மேசைக்கரண்டி மீன் சாஸ், இரண்டு மேசைக்கரண்டி சர்க்கரை, நான்கு பல் பூண்டு, நான்கைந்து சின்ன வெங்காயம், ஒரு தேக்கரண்டி மிளகுத்தூள், சிறிது எண்ணெய், இரண்டு எலுமிச்சைப்புல் தண்டு என்பது ஒரு நிதானமான அளவு. எலுமிச்சைப்புல்லில் தேநீருக்குப் போடும் பச்சை இலை இங்கே உதவாது; மேல் உறைகளை உரித்துவிட்டால் அடியில் தென்படும் வெளிறிய குருத்தை மட்டும் மிக மிகப் பொடியாக நறுக்க வேண்டும், இல்லாவிட்டால் பல்லில் நாராகச் சிக்கும். தனியே உப்புச் சேர்க்க வேண்டாம். மீன் சாஸில் இருப்பதே போதுமானது. துண்டின் ஓரத்தில் வெள்ளையாக ஓடும் கொழுப்பு விளிம்பை இரண்டு விரற்கடை இடைவெளியில் கத்தியால் கீறிவிடுவது அவசியம். அந்த விளிம்பை ஒட்டிய சவ்வு சூட்டில் சுருங்கும்போது, கீறாத துண்டு கிண்ணம்போலக் குவிந்து, நடுப்பாகம் நெருப்பில் படாமலே நின்றுவிடும். கத்தியின் முதுகால் இருபுறமும் தட்டி, கலவையைப் பூசி, இரண்டு மணி நேரமாவது ஊற விடலாம். ஓர் இரவு முழுவதும் குளிர்ப்பெட்டியில் இருந்தால் இன்னும் உத்தமம். உப்பு, தசையின் புரதத்தைச் சற்றே கரைத்து நெகிழ்த்துவதால், வேகும்போது நீரை இறுகப் பற்றிக்கொள்ளும் சக்தி அதற்கு உண்டாகிறது. சர்க்கரை நிறத்தையும் மினுமினுப்பையும் தருவதுடன், கவனம் தப்பினால் கருகிக் கசப்பையும் தரவல்லது. ஆகையால் கரி கொழுந்துவிட்டு எரியாமல் சாம்பல் பூத்து நிற்கும் பக்குவத்தில் வலையை வைத்து, அடிக்கடி புரட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

கரி அடுப்பு இல்லாத வீடுகளில் கனமான இரும்புத் தோசைக்கல்லே சரணம். ஊறிய துண்டின்மேல் ஒட்டியிருக்கும் பூண்டையும் புல்லையும் வழித்தெடுத்துவிட்டு, கல் நன்றாகக் காய்ந்தபின் இட்டால் பக்கத்துக்கு மூன்று நான்கு நிமிஷங்களில் வேலை முடியும். கொழுப்பு கரியில் சொட்டி எழுப்பும் அந்தப் புகை வாசனை மட்டும் கிடைக்காது. அதைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். பரிமாறும்போது, பொடியாய் நறுக்கிய வெங்காயத்தாளில் ஒரு சிட்டிகை உப்பிட்டு அதன்மேல் காய்ந்த எண்ணெயை ஊற்றினால் உண்டாகும் பச்சை நிறத் தைலத்தைக் கறியின்மேலும் சோற்றின்மேலும் தெளிக்கிறார்கள். மீன் சாஸ், சர்க்கரை, எலுமிச்சைச் சாறு மூன்றையும் சமமாக எடுத்து, அதைப்போல் மூன்று பங்கு வெந்நீரில் கரைத்து, பூண்டும் மிளகாயும் மிதக்க விட்ட தொடுசாறு ஒரு கிண்ணத்தில் இருக்கும். காடியில் ஊறிய காரட்டும் வெள்ளை முள்ளங்கியும் ஓர் ஓரத்தில் அமரும்.

சீன முறைக்கு வருவோம். அத்தனை பெரிய தேசத்தில் ஒரே முறைதான் உண்டா என்று கேட்டால், இல்லை. ஷாங்காய் நகரத்தார், மேல்நாட்டு வர்த்தகர்களின் குடியிருப்புகள் வழியாக வந்த ரொட்டித்தூள் கட்லெட்டைத் தமதாக்கிக்கொண்டு, வூஸ்டர் சாஸை முன்மாதிரியாக வைத்துத் தாமே தயாரித்த புளிப்புச் சாஸில் தொட்டு உண்கிறார்கள். கான்டன் பக்கத்தவர் பொரித்த துண்டுகளை வறுத்த உப்பிலும் மிளகிலும் பூண்டிலும் புரட்டியெடுக்கிறார்கள். வீட்டில் செய்து பார்க்க மிகவும் இணக்கமானதாக எனக்குத் தோன்றுவது தைவானில் வழங்கும் 'பாய்கூ' முறை. 1895 முதல் 1945 வரை அத்தீவை ஆண்ட ஜப்பானியரின் காலத்தில் ரயில் நிலையங்களில் சாப்பாட்டுப் பெட்டி விற்கும் வழக்கம் வேரூன்றியது. சோற்றின்மேல் ஒரு பொரித்த பன்றித் துண்டும், சோயாவில் வெந்த ஒரு முட்டையும், சிறிது ஊறுகாய்க் காயும் வைத்த பெட்டி இன்றும் அந்த ரயில்களின் அடையாளமாக இருந்துவருகிறது.

இங்கே துண்டை இன்னும் மெல்லியதாக, அரைச் சென்டிமீட்டர் கனத்துக்கு வரும்வரை தட்டுகிறார்கள். சோயா சாஸ், அரிசி மது, பூண்டு, சர்க்கரை, வெள்ளை மிளகு, இவற்றோடு ஐந்து மசாலைப் பொடி ஒரு சிட்டிகை: அன்னாசிப்பூ, சோம்பு, பட்டை, கிராம்பு ஆகிய நான்கும் நம் வீட்டு அஞ்சறைப்பெட்டிக்கு அந்நியமானவை அல்ல, ஐந்தாவதாகிய சிச்சுவான் மிளகு மட்டுமே கடையில் தேட வேண்டியது. சிட்டிகை என்றால் சிட்டிகைதான். பிரியாணிக்கு அள்ளிப்போடும் தாராளத்தை இதில் காட்டினால் கறியின் ருசி எங்கோ ஒளிந்துகொள்ளும். அரை மணி நேரம் ஊறியபின் ஒரு முட்டையின் வெள்ளைக்கருவைப் பிசைந்து, சர்க்கரைவள்ளிக் கிழங்கின் பரல்பரலான மாவில் அழுத்திப் புரட்டுகிறார்கள். அந்த மாவு கிடைக்காத இடத்தில் மரவள்ளி மாவு அதற்கு நெருங்கிய பங்காளி. சேலம் ஜில்லாவில் ஜவ்வரிசி செய்யும் ஆலைகளிலிருந்து வருவது அதுதான். சோளமாவும் ஆகும், ஆனால் மொறுமொறுப்பு சீக்கிரம் தளர்ந்துவிடும்.

இந்த முறையில் பலர் தவறவிடும் படி ஒன்று உண்டு. மாவில் புரட்டியதும் எண்ணெயில் போட்டுவிடாமல், மாவு கறியின் ஈரத்தை உறிஞ்சி, வெண்மை மாறி நனைந்த தோற்றம் பெறும்வரை ஐந்து பத்து நிமிஷம் சும்மா வைத்திருக்க வேண்டும்; உலர்ந்த மாவு எண்ணெயில் உதிர்ந்து அடியில் கருகும், நனைந்து ஒட்டிய மாவோ சூடு பட்டவுடன் நீரோடு கலந்து இறுகி ஒரே சவ்வாகிவிடும். பிறகு 160, 170 டிகிரிச் சூட்டில் மூன்று நிமிஷம் பொரித்து எடுத்து வடியவிட்டு, எண்ணெயை 190 வரை காய்ச்சி, மறுபடியும் அரை நிமிஷம் மட்டும் இறக்கி எடுக்கிறார்கள். முதல் முறை உள்ளே வேகிறது. இரண்டாம் முறை மேலே மொறுமொறுப்பு ஏறுகிறது.

வெந்ததா இல்லையா என்ற விஷயத்தில் துணிச்சல் காட்டலாகாது. பன்றிக் கறியில் நாடாப்புழுவின் நுண்ணிய கட்டிகள் இருக்கக்கூடும். அமெரிக்க அரசின் விவசாய இலாகா 2011-இல், முழுத் துண்டுகளுக்கு 63 டிகிரியும் அதன்பின் மூன்று நிமிஷ ஓய்வும் போதும் என்று அறிவித்தது அந்த நாட்டுப் பண்ணைகளை மனத்தில் கொண்டுதான். நம் ஊரில், சுத்தமான கடையில் வாங்கினாலும், எலும்பை ஒட்டிய இடத்தில் சிவப்பு மறையும்படி 71 டிகிரிவரை வேகவிடுவதே விவேகம். துண்டு மெல்லியதாக இருப்பதனால் அதற்கு அதிக நேரம் பிடிக்காது. ஈரமும் அவ்வளவாக வற்றாது. பன்றியை விலக்கியவர்கள் இவ்விரு முறைகளையும் எலும்பு நீக்கிய கோழித்தொடையில் செய்து பார்க்கலாம். சைகோனிலேயே கரியில் வாட்டிய கோழியையும் அதே குருணைச் சோற்றின்மேல் வைத்துத் தருகிறார்கள்.

பொரித்த துண்டுகள் மிஞ்சிப்போனால் மறுநாள் மொறுமொறுப்பு இராது என்று வருந்த வேண்டாம். ஹாங்காங்கின் தேநீர்க் கடைகளில், முட்டை போட்டு வறுத்த சோற்றைத் தட்டில் பரப்பி, மேலே பன்றித் துண்டை வைத்து, இனிப்புக் கலந்த தக்காளிச் சாஸை நிறைய ஊற்றி, அது கொதித்து விளிம்பில் கருக்கும்வரை சூட்டடுப்பில் வைத்தெடுக்கிறார்கள். சிலர் அதன்மேல் பாலாடைக்கட்டியும் துருவுகிறார்கள். எனக்கு அது அதிகப்படியாகத் தோன்றுகிறது, குழந்தைகள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.