பந்தாட்டத்திலும் ஒரு மகமை

கோடை விடுமுறை தொடங்கிவிட்டால் திருத்தங்கல் கடைத்தெருவில் நன்கொடை ரசீதுப் புத்தகத்தோடு இளைஞர்கள் கடை கடையாக ஏறி இறங்குவார்கள். "அண்ணாச்சி, போட்டி நடத்துறோம். நோட்டீஸ்ல உங்க கடை பேரப் போடுறோம்" என்பார்கள். வாடிக்கையாளர் காத்திருக்கும் நேரத்தில் நாமும் கல்லாவிலிருந்து நூறோ இருநூறோ எடுத்துக் கொடுத்து அனுப்பிவிடுகிறோம். பருப்பு மூட்டைக்கு ஒரு ரூபாய் கூடினால் நாலு இடத்தில் விலை விசாரிக்கும் நாம், இந்தப் பணத்தால் என்ன விளைந்தது என்று மட்டும் கேட்பதில்லை. கேட்க வேண்டும் என்பதற்குக் கூடைப்பந்தின் கதை நல்ல பாடம்.

காலி அரங்கில் பிறந்த தொழில்

உலகின் பெரிய கூடைப்பந்து அமைப்பான அமெரிக்காவின் என்.பி.ஏ., 1946ல் நியூயார்க்கில் வேறொரு பெயரில் தொடங்கியது. தொடங்கியவர்களில் பெரும்பாலோர் பனி ஹாக்கி அரங்குகளின் உரிமையாளர்கள். ஹாக்கி இல்லாத இரவுகளில் அரங்கம் சும்மா கிடக்கிறதே என்ற கவலைதான் காரணம். சும்மா கிடக்கும் கிட்டங்கிக்கு வாடகைக்கு ஆள் தேடும் கணக்குதான் இதுவும்.

முதல் ஆண்டில் 11 அணிகள். அந்த ஆண்டு முடிந்ததும் 4 அணிகள் கடையைக் கட்டின. 1949ல் போட்டி அமைப்பு ஒன்றை இணைத்துக்கொண்டு இன்றைய பெயரைப் பெற்றபோது 17 அணிகள் இருந்தன. ஐந்தே ஆண்டில் அது 8 ஆகக் குறைந்தது.

சரக்கிலும் குறை இருந்தது. முன்னணியில் இருக்கும் அணி பந்தைக் கையில் வைத்துக்கொண்டே நேரத்தைக் கடத்தலாம். 1950 நவம்பர் 22ல் நடந்த ஓர் ஆட்டம் 19-18 என்று முடிந்தது. காசு கொடுத்து வந்தவன் மறுபடி வருவானா?

வழி கண்டவர் சிராக்யூஸ் அணியின் உரிமையாளர் டேனி பியாசோன். பந்துருட்டு விளையாட்டுக் கூடம் நடத்திய வியாபாரி அவர். நல்ல ஆட்டம் ஒன்றில் அணிக்கு 60 வீதம் இரு அணியும் சேர்ந்து 120 முறை கூடையை நோக்கி எறிகின்றன; ஆட்ட நேரம் 48 நிமிடம், அதாவது 2,880 விநாடி; வகுத்தால் 24. பந்து கைக்கு வந்த 24 விநாடிக்குள் எறிந்தாக வேண்டும் என்ற விதி 1954ல் வந்தது. அணியின் சராசரிப் புள்ளி ஒரே ஆண்டில் 79லிருந்து 93க்கு ஏறியது. ஆட்டத்தைக் காப்பாற்றியது ஒரு வியாபாரியின் வகுத்தல் கணக்கு.

எதிரிகளின் பொதுப் பெட்டி

இன்று அங்கே 30 அணிகள். களத்தில் ஒன்றையொன்று விழுத்தப் பார்க்கும் இவை, தேசியத் தொலைக்காட்சி வருமானத்தைச் சமமாகப் பங்கிடுகின்றன. ஆட்டக்காரர்களின் மொத்தச் சம்பளத்துக்கு 1984-85 முதல் உச்சவரம்பு உண்டு. புதிய ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும்போது பின்தங்கிய அணிகளுக்கே முன்னுரிமை. எதிர்க்கடை பூட்டிவிட்டால் தெருவுக்கே கூட்டம் வராது என்பதை அறிந்தவர்கள் அவர்கள்.

நமக்கு இது புதிதா? விற்பனையில் ஒரு சிறு பங்கை மகமையாக ஒதுக்கிப் பொதுக்காரியம் செய்த மாவட்டம் இது. பெருந்தலைவர் காமராஜர் படித்த விருதுநகர் சத்திரிய வித்தியாசாலை 1889ல் அப்படித்தான் எழுந்தது. எதிரெதிரே கடை வைத்துப் போட்டியிட்டவர்கள்தான் அந்தப் பொதுப் பெட்டியை நிரப்பினார்கள்.

நம் நாட்டில் நடந்தது

இந்தியாவில் 2010ல் கூடைப்பந்துச் சம்மேளனம் ரிலையன்ஸ் - ஐ.எம்.ஜி. நிறுவனத்தோடு 30 ஆண்டு ஒப்பந்தம் செய்தது. எதிர்பார்த்த லீக் பிறக்கவில்லை. 2015ல் யு.பி.ஏ. என்ற தனியார் லீக் 8 அணிகளோடு வந்தது. சென்னை ஸ்லாம் அதில் ஒன்று. 2017க்குப் பிறகு அது நடக்கவில்லை. அடுத்து சம்மேளனமே இந்திய தேசிய கூடைப்பந்து லீக்கைத் தொடங்கியது. 6 அணிகள் ஆடிய 2022-23 முதல் பருவத்தில் சென்னை ஹீட் கோப்பையை வென்றது. ஆனால் ஆட்டங்கள் அணிகளின் சொந்த ஊர்களில் மாறி மாறி நடக்காமல், சில நகரங்களில் சுற்றுகளாக நடந்தன.

கோளாறு இங்கேதான். தீபாவளிக்குப் போடும் பட்டாசுக் கடையை நாம் அறிவோம். வெளிச்சம் இருக்கும், கூட்டம் இருக்கும், பத்து நாளில் பந்தல் பிரிந்துவிடும். மளிகைக் கடை அப்படியல்ல. அதே தெரு, அதே முகம், மாதப் பற்று. வாடிக்கைக்காரன் இல்லாத ஊரில் அணிக்குப் பெயர் மட்டும் இருந்து என்ன பயன்?

இதற்கு மாறாகப் பெரியகுளத்தைப் பாருங்கள். அங்கே சில்வர் ஜூபிலி ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்தும் அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டி 60 ஆண்டுகளைத் தாண்டிவிட்டது. பல மாநிலங்களிலிருந்து அணிகள் வருகின்றன. லீக்குகள் வந்து போயின. இந்தச் சுழற்கோப்பை நிற்கிறது. காரணம், அது ஊராருடையது.

நாம் செய்யக்கூடியது

இது வெறும் பொழுதுபோக்கு அல்ல. இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, இந்தியன் வங்கி, ஐ.சி.எப். போன்ற நிறுவனங்கள் கூடைப்பந்து ஆடத் தெரிந்தவர்களுக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை தந்திருக்கின்றன. தீப்பெட்டி, பட்டாசு, அச்சுத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைக்கு, ஆணோ பெண்ணோ, மாதச் சம்பளத்துக்கு இதுவும் ஒரு வழி. அந்த வழிக்கு வேண்டியது ஒரு சிமென்ட் தளம், இரண்டு கம்பம், சில பந்துகள், மாலை வெளிச்சம், கற்றுக்கொடுக்க ஓர் ஆள்.

ஆகவே வணிகப் பெருமக்களே, இந்த ஆண்டு ரசீதுப் புத்தகம் வரும்போது பையன்களை உட்கார வைத்து இரண்டு கேள்வி கேளுங்கள்: "தினமும் எங்கே ஆடுகிறீர்கள்? அடுத்த வருடமும் ஆடுவீர்களா?" பதில் சரியாக இருந்தால், ஒருநாள் பந்தலுக்கு நூறு ரூபாய் கொடுப்பதை விட, பத்துக் கடைக்காரர்கள் சேர்ந்து மாதம் நூறு ரூபாய் வீதம் ஒதுக்குங்கள். ஆண்டுக்குப் பன்னிரண்டாயிரம் ஆகும். வரவு செலவை எழுதிக் கடையில் ஒட்டச் சொல்லுங்கள்.

மகமை நமக்குப் பழகிய கணக்குதானே!