முந்துவது எது?

இரண்டு தேர்கள் ஒரே வீதியில் ஓடுமிடத்து, எது முந்தும் என்று காண்போர் ஒருவாறு கணித்தல் கூடும். அவற்றின் ஓட்டம் கண்முன்னே நிகழ்கின்றதாகலின். இரு பேரிராக்கெட்டுகளுள் எது முதற்கண் விண்ணேறும் என்னும் வினாவோ அத்தன்மைத்தன்று. அவை நின்ற நிலையிலேயே நிற்கும். நாள்கள் மட்டுமே ஓடும். இவ்வினாவிற்கு விடைகாணும் நெறி யாதென்பதை, அமெரிக்க நாட்டில் நிகழ்ந்த ஒரு போட்டியைச் சான்றாகக் கொண்டு ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

அப்போட்டியில் நின்றன இரண்டு. ஒன்று, நாசா என்னும் அரசாங்க நிலையத்தாரின் 'ஸ்பேஸ் லாஞ்ச் சிஸ்டம்'. ஏறத்தாழ 98 மீட்டர் உயரமுடைய இதனை, இயன்றவரை 2016-ஆம் ஆண்டின் இறுதிக்குள் ஆயத்தமாக்குக என்று 2010-இல் இயற்றிய சட்டம் பணித்தது. மற்றொன்று, ஈலான் மஸ்க் என்பாரின் ஸ்பேஸ்எக்ஸ் கம்பெனியார் டெக்ஸாஸ் கடற்கரையில் சமைத்த 'ஸ்டார்ஷிப்'. இஃது ஏறத்தாழ 120 மீட்டர் உயர்ந்து, அடிப்பகுதியில் 33 எஞ்சின்களை உடையது. ஆறு திங்களுக்குள் பூமியைச் சுற்றும் பாதையை எட்ட முயல விரும்புவதாக 2019 செப்டம்பரில் மஸ்க் கூறினார். இவ்விரு நாள்களும் வாளா கழிந்தன.

2021-ஆம் ஆண்டில் நின்று நோக்குவோம். ஜனவரி 16-இல் நாசாவினர் தம் இராக்கெட்டின் நடுப்பகுதியை நிலத்திற் பிணித்து எரித்துச் சோதித்தனர். எட்டு நிமிடம் எரியவேண்டிய எஞ்சின்கள் 67 வினாடியில் நின்றுவிட்டன. மே 5-இல் ஸ்டார்ஷிப்பின் மேற்பகுதி மாதிரியொன்று ஏறத்தாழ 10 கிலோமீட்டர் உயரப் பறந்து, செவ்வனே தரையிறங்கியது. அந்நாளில் பள்ளி மாணவராயிருந்த யாம் ஸ்டார்ஷிப்பே முந்தும் என்று எண்ணினோம். நிகழ்ந்ததோ வேறு. நாசாவின் இராக்கெட்டு 2022 நவம்பர் 16-இல் எழுந்தது; ஸ்டார்ஷிப்போ 2023 ஏப்ரல் 20-இல்தான் எழுந்தது.

எம் கணிப்பு பிழைத்தது எற்றாலெனின், யாம் விரைவை நோக்கினோமேயன்றி, எஞ்சிநின்ற வாயில்களை எண்ணினோமல்லேம். 2021 மார்ச்சு 18-இல் நாசாவின் எஞ்சின்கள் எட்டு நிமிடத்திற்கு மேல் எரிந்து தேறின. ஆண்டிறுதிக்குள் இராக்கெட்டு முழுதும் அடுக்கப்பட்டது. பின்னர் எஞ்சியவை எரிபொருள் நிரப்பிப் பார்த்தலும், ஏவுதலுமே. ஸ்டார்ஷிப்பிற்கோ, ஏவுமேடை முடியவேண்டும். 33 எஞ்சின்களும் ஒருங்கே எரியவேண்டும். இவற்றின் மேலும் விமானப் போக்குவரத்துத் துறையாரின் உத்தரவு வேண்டும். அத்துறையார் 2021 இறுதிக்குள் முடிப்பதாகக் குறித்த சுற்றுச்சூழல் ஆய்வு 2022 ஜூன் 13-இல்தான் முடிந்தது. ஏவும் உரிமமோ 2023 ஏப்ரல் 14-இல் கிடைத்தது.

இதனால் பெறப்படுவன மூன்று. முதலாவது, அறிவிக்கப்பெறும் நாள், யாதொரு பழுதும் நேராவிடின் இயலும் நாளேயன்றி, நிகழத்தக்க நாளன்று. இரண்டாவது, இன்னும் எத்தனை வாயில்கள் உள என்று எண்ணவேண்டும். தம் கையிலில்லாத வாயில் ஒன்றைத் தம் கையிலுள்ள மூன்றாகக் கொள்ளல் நன்று. மூன்றாவது, அறிவித்தோர் முன்னர்ச் சொன்ன நாள்களையும் நிகழ்ந்த நாள்களையும் ஒப்பிட்டுக் காணவேண்டும். இதே கம்பெனியாரின் 'ஃபால்கன் ஹெவி' 2013-இல் எழும் என்று 2011-இல் கூறப்பட்டது. எழுந்ததோ 2018 பிப்ரவரி 6-இல்.

இறுதி வாயிலும் எளிதன்று. நாசாவினர் 2022 ஆகஸ்டு 29-இல் ஏவ முயன்று எஞ்சினின் வெப்பநிலை பற்றிய ஐயத்தால் நிறுத்தினர். செப்டம்பர் 3-இல் திரவ ஹைட்ரஜன் கசியக் கண்டு மீண்டும் நிறுத்தினர். பின்னர்ப் புயலுக்கு அஞ்சி இராக்கெட்டைக் கொட்டகைக்குத் திருப்பினர். நாள் எண்ணியிருந்தோர் பலர் நகைத்தனர், யாமும் நகைத்தோம்.

அந்நகை தகாதென்பதைப் பிற்பாடு 'சேலஞ்சர்' விண்ணோடத்தின் வரலாற்றைப் படித்து உணர்ந்தோம். பன்முறை தள்ளிவைக்கப்பட்ட அவ்வோடத்தை 1986 ஜனவரி 28-இல் உறைகுளிரில் ஏவினர். குளிரில் இரப்பர் வளையங்கள் இறுகி வாயுவைத் தடுக்கமாட்டா என்று பொறியியலார் முன்னிரவே எச்சரித்தனர். அவர்தம் சொல் ஏற்கப்படவில்லை. 73-ஆம் வினாடியில் ஓடம் சிதைந்தது. பள்ளியாசிரியை ஒருவர் உள்ளிட்ட எழுவர் மாண்டனர். அவ்வாசிரியையின் மாணவர் அதனைத் தொலைக்காட்சியில் பார்த்திருந்தனர்.

ஆகவே, எது முந்தும் என்று கணித்தல் அறிவுக்கு நல்லதொரு பயிற்சியே. ஆயின், நாள் தள்ளிப்போவதைத் தோல்வியென எண்ணி எள்ளுதல் ஒழிக. 'இன்று வேண்டா' என்று சொல்லத் துணிந்த பொறியியலாரின் சொல்லையும் கணிப்பிற் சேர்த்து மதிப்பதே, எம்மனோர் இப்போட்டியினின்றும் கற்கத்தக்கதாம்.