கல்லாக்கப்பட்ட பிள்ளைகள்

குற்றவாளியாகவே பிறக்கும் குழந்தை உலகில் இல்லை. இதனை மறுப்பார் எவருமிலர். ஆனால் முரட்டு வாலிபன் ஒருவன் கண்முன் வந்து நிற்கும்பொழுது இதனை நினைவிற் கொள்வார் மிகச் சிலரே.

அமெரிக்காவில் டல்ஸா நகரத்து மாணவியான எஸ். ஈ. ஹிண்டன், 15-ஆம் வயதில் எழுதத் தொடங்கி 1967-இல் வெளியிட்ட நாவல் 'தி அவுட்சைடர்ஸ்'. தெருக் கூட்டங்களின் சண்டையைச் சொல்லும் அக்கதையில் டாலி என்றொரு வாலிபன் வருகிறான். பத்து வயதிலேயே கைதானவன், எவருக்கும் அஞ்சாதவன். அவனே, எரியும் மாதாகோவிலினின்று தோழன் ஜானியை மீட்கத் தன் கையைத் தீக்குக் கொடுக்கிறான். ஜானி இறந்ததும், குண்டில்லாத துப்பாக்கியை நீட்டிப் போலீஸாரின் குண்டுக்கு வலிய இலக்காகிறான். கல்லென்று உலகம் கருதிய நெஞ்சை வாழ்வோடு பிணைத்திருந்தது ஒரே ஓர் அன்பு. அது அறுந்தது; அவனும் அழிந்தான்.

கடல் கடந்த கதையென்று இதைத் தள்ளிவிடலாமா? பென்னலூரிலிருந்து ஒரகடம், சிங்கப்பெருமாள்கோவில் வழியே சென்றால் செங்கற்பட்டு. அங்குள்ள அரசினர் சிறுவர் இல்லத்தில், திருட்டு வழக்கில் அடைக்கப்பட்ட 17 வயதுப் பையன் 2022 டிசம்பர் 31-இல் உயிர் நீத்தான். அவனை அடித்துக் கொன்றதாக இல்லத்து ஊழியர் அறுவர் கைதாயினர். அதன் பின்னரே, இத்தகைய இல்லங்களைச் சீர்திருத்த யோசனை கூறுமாறு ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துருவைச் சர்க்கார் நியமித்தது. 1920-இலேயே குழந்தைகள் சட்டம் இயற்றி இந்தியாவுக்கு வழிகாட்டிய சென்னை மாகாணத்தின் வாரிசுகளுக்கு இது பெருமை தருவதா?

"இவர்களுக்குத் தயை காட்டினால் ஊர் என்னாவது?" என்பர் சிலர். கேள்வி நியாயமானதே. திருட்டும் கத்திக்குத்தும் பொறுக்கத் தக்கவையல்ல. கொடுங்குற்றம் புரிந்த 16 முதல் 18 வயதினரைப் பெரியவர்களைப் போல் விசாரிக்கவும் 2015-ஆம் ஆண்டுச் சட்டம் இடந்தருகிறது. எனினும் அச்சட்டப்படியே அவர்களுக்குத் தூக்குமில்லை; விடுதலைக்கு வழியற்ற ஆயுள் தண்டனையுமில்லை. ஆகவே அவர்கள் ஒருநாள் நம் தெருவுக்குத் திரும்பியே தீருவர். தொழில் கற்ற மனிதராகவா, பழி வாங்கத் துடிக்கும் பகைவராகவா என்பதே பிரச்னை.

இல்லங்களை மூன்று மாதத்துக்கொருமுறையேனும் சோதிக்கக் குழுக்களை அச்சட்டம் விதித்திருக்கிறது. குழு வந்ததா, என்ன கண்டது என்று ஒவ்வொரு ஜில்லாவிலும் பொதுஜன ஊழியர்கள் கேட்க வேண்டும். சுவருக்குள் நடப்பதைக் கேளாதிருக்கும் சமூகம், சுவருக்கு வெளியே அதன் பலனை அனுபவித்தே தீரும்.