வட்டியில்லா வங்கிக்குத் தேவை, இரண்டும் தெரிந்த ஆள்

தேங்காய்ப்பட்டணத்திலிருந்து வளைகுடாவுக்கு வேலைக்குப் போவது புதிதல்ல. இப்போது பி.காம்., பொறியியல் படித்தவர்களும் போகிறார்கள். அவர்கள் கவனிக்கவேண்டிய துறை ஒன்று இருக்கிறது: இஸ்லாமிய வங்கி. துபாய் இஸ்லாமிய வங்கி 1975-லேயே தொடங்கிவிட்டது. இன்று அங்கெல்லாம் தட்டுப்பாடு பணத்துக்கல்ல, மார்க்கச் சட்டமும் கணினியும் சேர்ந்து தெரிந்த ஆளுக்குத்தான்.

வட்டி வாங்காத வங்கி எப்படிப் பிழைக்கிறது? முராபஹா முறையைப் பாருங்கள். ஒருவருக்குக் கார் வேண்டும். வங்கி அவர் கையில் பணம் கொடுப்பதில்லை. காரைத் தானே வாங்குகிறது. தனக்கு உடைமையான பிறகு, அடக்க விலையையும் லாபத்தையும் சொல்லி, அவருக்குத் தவணையில் விற்கிறது. இந்த வரிசை புரண்டால் அது வியாபாரமல்ல, வட்டிக் கடன்.

முன்பு அதிகாரி கோப்பைப் புரட்டி வரிசையைச் சரிபார்ப்பார். இன்று கைப்பேசிச் செயலியே எல்லாவற்றையும் முடித்துவிடுகிறது. செயலியை எழுதுபவருக்கு இந்த விதி தெரியாவிட்டால், வாங்காத காரை விற்றதாக ஒப்பந்தம் பதிவாகும். அதே பிழை ஒவ்வொரு வாடிக்கையாளர் கணக்கிலும் தொடரும். தவணை தவறினால் விதிக்கும் தொகையும் வங்கியின் லாபத்தில் சேரக்கூடாது, தர்மத்துக்குப் போகவேண்டும். அதற்கான தனிக் கணக்கை மென்பொருளிலேயே அமைக்கவேண்டும்.

இரண்டும் தெரிந்த ஆள் தேவை என்பதை மலேசியா முன்கூட்டியே உணர்ந்தது. அதன் மத்திய வங்கி 2005-ல் இதற்கென்றே இன்சீஃப் என்ற உயர்கல்வி நிறுவனத்தைத் தொடங்கியது. 2022-ல் அங்கு உரிமம் பெற்ற ஐந்து டிஜிட்டல் வங்கிகளில் இரண்டு இஸ்லாமிய வங்கிகள். இஸ்லாமிய நிதித்துறைக்குத் தரவிதிகள் வகுக்கும், பஹ்ரைனிலுள்ள அயோஃபி அமைப்பு ஷரீஆ தணிக்கையாளருக்கும் கணக்காளருக்கும் தனித்தனிச் சான்றிதழ்கள் தருகிறது. பக்கத்து இலங்கையில் 2011 முதல் அமானா என்ற வட்டியில்லா வங்கி இயங்குகிறது.

இந்தியாவில் வட்டியில்லா வங்கிச் சேவையை ரகுராம் ராஜன் குழு 2008-ல் பரிந்துரைத்தது. ஆனால் அந்த யோசனையைத் தொடர்வதில்லை என 2017-ல் ரிசர்வ் வங்கி முடிவெடுத்தது. அதற்காக இஸ்லாமிய வங்கித் துறைப் படிப்பு இங்கே வீண் என்று எண்ணவேண்டாம். ஹலால் முதலீடு என்று சொல்லிப் பணம் திரட்டிய பெங்களூரு ஐ.எம்.ஏ. நிறுவனம் 2019-ல் கவிழ்ந்தபோது, எத்தனையோ குடும்பங்கள் சேமிப்பை இழந்தன. லாபம் எந்த வியாபாரத்திலிருந்து வருகிறது என்று கணக்குக் கேட்கத் தெரிந்தவர்கள் ஊருக்கு ஊர் வேண்டும்.

ஜமாஅத்துகளுக்கு ஒரு வேண்டுகோள்: ஆலிம் படிக்கும் பிள்ளைக்குக் கணக்கியலும் கணினியும், பி.காம். படிக்கும் பிள்ளைக்குக் கொடுக்கல் வாங்கல் பற்றிய மார்க்கச் சட்டமும் கிடைக்க விடுமுறை வகுப்பு தொடங்குங்கள்.