மரத்தூளும் நாசிப் புற்றும்

மூக்கின் ஒரு பக்கம் மட்டும் வாரக்கணக்கில் அடைத்துக்கொண்டு, சளியோடு அவ்வப்போது இரத்தமும் கலந்து வருமானால், அதைச் சைனஸ் தொல்லை என்று சொல்லிச் சொட்டு மருந்தோடு காலம் தள்ளுவது நம்மவர் வழக்கம். பெரும்பாலோர் விஷயத்தில் அது உண்மையாகவே இருந்துவிடுவதால்தான், வருஷத்தில் லட்சத்தில் ஒருவருக்குக்கூட வராத நாசிப் புற்றுநோய் சிலரிடம் கண் புடைத்து, கன்னம் மரத்து, மேற்பல் ஆடிய பிறகே பிரத்தியட்சமாகிறது.

இந்த அபூர்வ வியாதிக்கும் தொழிலுக்கும் உள்ள சம்பந்தத்தைக் கண்டவர்களுள் முக்கியமானவர், நாற்காலி செய்வதற்குப் பேர்போன ஹை விக்கம் என்னும் ஆங்கில நகரில் காது மூக்குத் தொண்டை நிபுணராயிருந்த எஸ்மே ஹாட்ஃபீல்ட் அம்மையார். இந்நோயோடு வருபவர்களில் மரவேலைக்காரர்களே மிகுந்திருக்கக் கண்டு, அவரும் சகாக்களும் ஆராய்ந்து 1968இல் வெளியிட்ட கட்டுரை, வன்மரத்தை அறுத்துத் தேய்க்கையில் எழும் நுண்தூளின்மேல் உலகின் கவனத்தைத் திருப்பியது. சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1995இல் வெளியிட்ட தொகுதியில், மரத்தூள் மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பது என்றே நிர்ணயித்தது. தோல் தூசிக்கும், சிலவகை நிக்கல் சுத்திகரிப்புக்கும் இதே தோஷம் உண்டு.

நோயை நிச்சயிப்பதற்கு ஒரு கிரமம் உண்டு. எண்டோஸ்கோப்பினால் மூக்கினுள் பார்ப்பது முதற்படி. எலும்பு அரிக்கப்பட்டதா என்பதை சி.டி. ஸ்கேனும், கண்ணையோ மூளையுறையையோ கட்டி தொட்டுவிட்டதா, தெரிவது கட்டியா, தேங்கிய சளியா என்பதை எம்.ஆர்.ஐ.யும் காட்ட, இறுதித் தீர்ப்பைச் சதைத்துணுக்குப் பரிசோதனையே வழங்குகிறது. கட்டி நிணநீர்ப் புற்றாயின் கத்தி பெரும்பாலும் வேண்டியதில்லை. மற்றவற்றில் அறுவை முதன்மையாகவும், கதிர்வீச்சு அதற்குத் துணையாகவும் அமைவதே வழக்கம். முகத்தைக் கீறித்தான் எடுக்கவேண்டும் என்றிருந்த கட்டிகளில் பல இன்று மூக்கின் வழியாகவே எடுக்கப்படுகின்றன. சென்னையில், முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் முயற்சியால் அடையாற்றில் 1954இல் தோன்றிய புற்றுநோய் நிலையமும், கண்ணுக்கும் மூளைக்கும் சேதத்தைக் குறைக்கவல்ல புரோட்டான் சிகிச்சைக்கென 2019இல் தரமணியில் ஏற்பட்ட நிலையமும் நமக்கு எட்டாத தூரத்தில் இல்லை.

ஆனால் தூசி சேர்வதற்கும் நோய் தோன்றுவதற்கும் இடையே பல பத்தாண்டுகள் கழிந்துவிடுவதால், வேலையை விட்டு நெடுநாளானவரும் தம் பழைய தொழிலை மறந்துவிடலாகாது. திருவள்ளூர் மாவட்டத்து மணவாள நகரிலும் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையிலும் மரத்தூளோடு உழைக்கும் அன்பர்கள் பட்டறையில் தூளை உறிஞ்சும் கருவியையும், முகத்தில் தகுந்த கவசத்தையும் கேட்டுப் பெறவேண்டும். மூன்று வாரத்தில் தீராத ஒருபக்க மூக்கடைப்போ இரத்தமோ கண்டால், காது மூக்குத் தொண்டை மருத்துவரிடம் சென்று, அவர் கேட்டாலும் கேளாவிட்டாலும், செய்த தொழில் இன்னதென்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.